ஆணி அக்கா மறைத்த விரிசல்கள்

எங்கள் ஹோட்டல் சுவர்களில் மொத்தம் ஐம்பத்தெட்டு விரிசல்கள் இருந்தன. இது எனக்குத் தெரியும், ஆணி அக்காவுக்குத் தெரியும், மேலாளருக்கு மட்டும் தெரியாது. பிறகு நடந்த அத்தனை கூத்துக்கும் இதுதான் காரணம்.

அக்காவைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அந்த ஹோட்டலின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து பதினாறு வருடம் சாவி கொடுத்தவன் நான். சாவி கொடுக்காத நேரத்தில் அக்கா ஏறி நிற்கும் ஸ்டூலைப் பிடித்துக்கொள்வேன். அந்த வேலையை யாரும் எனக்கு ஒதுக்கவில்லை. அக்கா குள்ளம், ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை, பக்கத்தில் இருந்தவன் நான், அவ்வளவுதான்.

அவருடைய பதவி ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். ஏப்ரனின் வலது பையில் ஒரு சின்னச் சுத்தியல், இடது பையில் ஒரு பிடி ஆணி. அவர் வராந்தாவில் நடந்து வந்தால் ஆணிகள் குலுங்கும் சத்தம் அவருக்கு முன்னால் வந்துவிடும். விருந்தினர் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருக்கும் ரூம் பெண்கள் அதைக் கேட்டதும் துள்ளி எழுந்து விரிப்பை உதறத் தொடங்குவார்கள். அவருக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவர்களும் அவர்கள்தான். அக்காவுக்கு அது தெரியும். தெரிந்துதான் வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் குலுக்குகிறார் என்பது என் சந்தேகம்.

பத்தொன்பது வயதில் போர்வை மடிக்க வந்தவர் அவர். அப்போதே கட்டடத்துக்குத் தொண்ணூறு வயது. வந்த இரண்டாவது மாதம் நான்காம் அறையில் ஒரு விரிசல் விழுந்தது. அன்று மாலையே அந்த அறைக்கு ஒரு பெரிய மனிதர் வருகிறார், கொத்தனார் ஊரில் இல்லை. அக்கா ஸ்டோர் ரூமில் கிடந்த ஒரு குதிரைப் படத்தைத் துடைத்து எடுத்துவந்து விரிசலின் மேல் மாட்டிவிட்டார். வந்தவர் குதிரையைப் பார்த்து அசந்துபோய், நல்ல ரசனை என்று பாராட்டிவிட்டுப் போனார். அப்போதிருந்த பழைய மேலாளர் எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர். கொத்தனாரைவிடக் குதிரை மலிவு என்று அவருக்கு அன்றுதான் உறைத்தது. அதன்பிறகு எங்கள் ஹோட்டலுக்குக் கொத்தனார் வரவே இல்லை.

விரிசல் விழுந்தால் படம் மாட்டுவது என்பது அப்படித்தான் எங்கள் வழக்கமானது. பழைய சாமான் கடைகளில் படங்களைக் கட்டுக்கட்டாக வாங்கி வருவார்கள். கப்பல்கள், குதிரைகள், பழக்கூடைகள், யாரென்றே தெரியாத ஒரு கடுகடுத்த அம்மாள். அந்த அம்மாள் ஹோட்டலைக் கட்டியவரின் மனைவியா என்று விருந்தினர்கள் கேட்பார்கள். ஆமாம் என்பேன். கேட்பவர் நல்லவராகத் தெரிந்தால், இரண்டாவது மனைவி என்றும் சேர்த்துச் சொல்வேன்.

விரிசல் சும்மா இருக்காது, வளரும். வளர்ந்தால் அக்கா சின்னப் படத்தை இறக்கிவிட்டுப் பெரியதை மாட்டுவார். இறக்கிய படம் இன்னொரு இளம் விரிசலுக்குப் போகும். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலால் அறை எண், மாட்டிய மாதம், விரிசலின் நீளம் எல்லாம் எழுதிவைப்பார். நீளம் சாணும் விரலுமாகத்தான் இருக்கும். டேப் வைத்து அளக்கலாமே என்று ஒருமுறை சொன்னேன். டேப்பைத் தேடுகிற நேரத்தில் ஒரு அறையைப் பெருக்கிவிடலாம் என்றார். பெயின்ட் அடிக்க வருகிறவர்களும் எங்களுக்கு ஏற்ற சோம்பேறிகள். படத்தைக் கழற்றாமல் சுற்றிலும் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அக்காவுக்குக் குடும்பம் என்று இருந்தது ஒரே ஒரு தம்பி. அவனுக்குப் பத்து வயதிருக்கும்போது பெற்றவர்கள் இருவரும் அடுத்தடுத்துப் போய்விட, அக்காதான் வளர்த்தார். படிப்பு ஏறவில்லை, இயந்திரம் ஏறியது. அஸ்திவாரத் தூண்களை மண்ணுக்குள் அடித்து இறக்கும் பைலிங் மெஷினை ஓட்டும் உரிமத்துக்கு மூன்று முறை தேர்வு எழுதித் தோற்று, நான்காவது முறை வாங்கினான். அன்று அக்கா அந்த உரிமத்தை ஹோட்டலுக்குக் கொண்டுவந்து சமையற்கட்டு வரைக்கும் எல்லோரிடமும் காட்டினார். பாத்திரம் கழுவுகிறவர் ஈரக் கையோடு தொடப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அந்த வருடம்தான் ஹோட்டலுக்குப் பக்கத்திலிருந்த கார் நிறுத்துமிடம் விலைபோனது. அங்கே பதினான்கு மாடிக்குக் கண்ணாடியில் அலுவலகக் கட்டடம் வரப்போகிறது என்று பலகை வைத்தார்கள். பழைய கட்டடத்துக்குப் பக்கத்தில் அஸ்திவாரம் போடுவதற்கு முன், பழையதின் சுவர்களை எல்லாம் படம் எடுத்து அறிக்கை எழுதிவைக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டாம். பின்னால் விரிசல் விழுந்தால் யாரால் விழுந்தது என்று தெரியவேண்டும் அல்லவா?

எங்கள் புது மேலாளர் வந்து அப்போது நான்கு வருடம். வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். ஹோட்டலைத் தன் சொந்த வீடு மாதிரி நேசித்தார், அதில் குறை சொல்லமுடியாது. படங்களின் பின்னணி மட்டும் அவருக்குத் தெரியாது. பழைய மேலாளர் போகும்போது சொல்லவில்லை, நாங்களும் வாயைத் திறக்கவில்லை. அப்படிப் படம் எடுக்க வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் அவர் அக்காவைக் கூப்பிட்டு, நாளைக்கு முக்கியமானவர்கள் வருகிறார்கள், அறைகள் எல்லாம் பார்க்க நன்றாக இருக்கவேண்டும் என்று மட்டும் சொன்னார். எதற்கு வருகிறார்கள் என்று சொல்லவில்லை.

அக்காவுக்கு ஹோட்டல் பார்க்க நன்றாக இருக்கவேண்டும் என்றால் என்ன அர்த்தம்? முப்பத்தொரு வருடமாக என்ன செய்தாரோ அதையே செய்தார். வராந்தாவில் படமில்லாமல் தெரிந்துகொண்டிருந்த ஐந்து விரிசல்களையும் விட்டுவைக்கவில்லை. கையிருப்பில் இருந்தது மூன்று படம். மீதி இரண்டைத் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து மாட்டினார். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நானும் கூடவே சுற்றினேன்.

மறுநாள் கேமராவோடு மூன்று பேர் வந்தார்கள். ஹோட்டல் பொருட்களைத் தொடக்கூடாது என்று அவர்களுக்கு உத்தரவு. ஒரு படத்தைக்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை. இந்த வயதுள்ள கட்டடம் இவ்வளவு நல்ல நிலையில் இருப்பது வியப்புக்குரியது, குறிப்பிடத்தக்க விரிசல் எதுவும் இல்லை என்று அறிக்கை வந்தது. மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. அறிக்கையில் அந்த வரி இருந்த பக்கத்துக்குச் சட்டம் போட்டு, விருந்தினர் எல்லோரும் பார்க்கிற மாதிரி என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டச் சொன்னார். அந்த இடத்தில் தொங்கிய காலண்டருக்குப் பின்னால் ஏற்கனவே ஒரு சாண் நீளத்துக்கு ஒரு விரிசல் இருந்தது. அக்கா என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். விரிசல் இல்லை என்கிற சான்றிதழை விரிசலின் மேலேயே மாட்டினோம். அன்று முழுக்க எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பைலிங் வேலைக்கு வந்த மெஷினை ஓட்டியவன் அக்காவின் தம்பி. அக்காவுக்குக் கேட்கவேண்டுமா? தினமும் பன்னிரண்டரை மணிக்கு டிபன் பாக்ஸோடு மதிலோரம் போய் நின்றுவிடுவார். அவன் மெஷினை நிறுத்திவிட்டு ஓடிவருவான். மதிலின் இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவன், நடுவில் சாப்பாடு. ஒரே குடும்பத்தில் இரண்டு சுத்தியல் என்று நான் கிண்டல் செய்வேன். அவனுடைய சுத்தியல் நான்கு டன்.

மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை. ஒன்பதாம் அறைக்காரர் மதியம் பன்னிரண்டே காலுக்குப் படுக்கையிலேயே காலை உணவு சாப்பிடும் ரகம். வெளியே மெஷின் போட்ட போட்டில் சுவரிலிருந்த கப்பல் படம் ஆணியோடு பெயர்ந்து அவருடைய வெண்ணெய்யில் வந்து விழுந்தது. முப்பத்தொரு வருடத்தில் அக்காவின் ஆணி பிடி விட்டது அதுதான் முதல் தடவை. ஓடிப்போன மேலாளர், சுவரில் மூன்று சாண் விரிசலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அடுத்த அறைக்குப் போய்ப் படத்தைத் தூக்கினார். அங்கேயும் விரிசல். சாயங்காலத்துக்குள் ஹோட்டலிலிருந்த ஐம்பத்தேழு படங்களும் தரைக்கு வந்துவிட்டன. என் தலைக்கு மேலிருந்த சான்றிதழை மட்டும் அவர் தொடவில்லை. மனிதர் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேவிட்டார். எனக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது.

மறுநாளே நகராட்சியின் கட்டட அலுவலகத்துக்குப் புகார் போனது, பக்கத்தில் வேலை நின்றது. கட்டுகிற கம்பெனிக்காரர்கள் தப்பிக்க வழி பார்த்தார்கள். அதிர்வை அளக்கும் கருவியில் அந்தப் புதன்கிழமை ஒரே ஒரு முறை அளவைத் தாண்டிய பதிவு இருந்தது. போதாதா? ஆபரேட்டரின் அலட்சியம் என்று எழுதி, ஐம்பத்தேழு விரிசலையும் தம்பியின் தலையில் கட்டினார்கள். அவனுடைய உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசாரணையில் உறுதியானால் ஆயுளுக்கும் இனி மெஷின் தொடமுடியாது.

அக்கா நேராக மேலாளரிடம் போய் உண்மையைச் சொன்னார். விரிசல்கள் பழையவை, மறைத்தது நான்தான் என்றார். அவர் நம்பவில்லை. தம்பிக்காகப் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறீர்கள், உங்கள் மனசு யாருக்கு வரும் என்று உருகினார். சான்றிதழையும் சுட்டிக்காட்டினார். அக்கா என் மேசைக்கு வந்து, ஆணிப் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முப்பத்தொரு வருஷம் சுவத்துல பொய்ய மாட்டி வச்சேன், எல்லாரும் நம்பினாங்க. இன்னிக்குத்தான் உண்மைய சொல்றேன், ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாங்க."

நான் எழுந்துபோய், அக்கா சொல்வது நிஜம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாற்காலி போய்விடும் என்று பயம், வேறொன்றுமில்லை. இதை எழுதும்போதுகூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை. கட்டட அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரியம்மா வந்தார். கழுத்தில் பூதக்கண்ணாடி, கையில் டார்ச், முகத்தில் யாரையும் நம்பாத களை. கம்பெனியின் எஞ்சினியர் வந்தார். தம்பி ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு முன்கூடத்தின் ஓரமாக நின்றான். அக்கா எல்லாப் படங்களையும் வரிசையாகச் சாய்த்துவைத்து, பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பென்சில் எழுத்தை நேற்றுக்கூட எழுதியிருக்கலாமே என்றார் அதிகாரி. படம் இருந்த இடங்களில் சுவர் பழைய மஞ்சளாக இருப்பதை அக்கா காட்டினார். படம் பல வருடமாக இருந்தது தெரிகிறது, விரிசலும் இருந்தது என்று எப்படித் தெரியும் என்றார் அதிகாரி. அவர் கேட்டதில் தப்பே இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

மேலாளர், சான்றிதழைப் பாருங்கள் என்று எல்லோரையும் என் மேசைக்கு அழைத்துவந்தார். அக்கா என்னைப் பார்த்தார். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை, நாற்காலி மேல் ஏறிச் சான்றிதழைக் கழற்றிவிட்டேன். பின்னாலிருந்த விரிசல் எல்லோரையும் பார்த்துச் சிரித்தது. இதை மாட்டியபோதே விரிசல் இருந்தது, கூட நின்றவன் நான் என்றேன். மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை.

அதிகாரி என்னையும் அக்காவையும் மாறிமாறிப் பார்த்தார். நீங்கள் இருவரும் ஒரே இடத்தில் வேலை செய்பவர்கள், இந்த அம்மா ஆபரேட்டரின் அக்கா, உங்கள் பேச்சை வைத்து நான் எப்படி எழுதுவது என்றார். பிறகு டார்ச்சை அணைத்துவிட்டு, கொஞ்சம் அலுப்போடு சொன்னார்.

"இந்தக் கட்டடத்துல எல்லாமே அழுக்கா இருக்கு. பழசு எது, புதுசு எதுன்னு பிரிக்கணும்னா, நிச்சயமா புதுசுன்னு தெரிஞ்ச ஒரு விரிசல் வேணும். பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் சொல்ல முடியும்."

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, வாங்கம்மா என்று அதிகாரியைக் கூட்டிக்கொண்டு பின்பக்கப் படிக்கட்டுக்குப் போனார். குப்பை இறக்குகிறவர்கள் மட்டும் போய்வரும் படிக்கட்டு அது. நாங்களும் பின்னாலேயே போனோம். இரண்டாவது மாடித் திருப்பத்தில், கட்டட வேலை நடக்கும் பக்கத்துச் சுவரில், படம் கிடம் எதுவுமில்லாமல், தலைமுடி அகலத்தில் ஒரு கோடு ஓடியது.

"இது என் தம்பி போட்டது. அந்தப் புதன்கிழமை காலையில நான் பெருக்கினப்போ இல்ல. மத்தியானம் வந்து பாக்கறேன், கீழ சுண்ணாம்புத் தூள் கிடந்துச்சு."

எஞ்சினியர் அவசரமாகக் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தார். தம்பி சுவரைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்தான். அந்தப் பார்வையை என்னால் தாங்கமுடியவில்லை, நான் படிக்கட்டை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதிகாரி நகத்தால் சுரண்டினார், மாவு மாதிரி வெள்ளையாகக் கொட்டியது. கண்ணாடியை வைத்துப் பார்த்தார், ஓரங்கள் கூர்மையாக, சுத்தமாக இருந்தன. அதன்பின் ஒவ்வொரு அறையாகப் போனார். அங்கே இருந்தவையெல்லாம் உள்ளே கறுத்து, ஒட்டடை படிந்து, எத்தனையோ வருடத்துக்கு முன் படச் சட்டத்துக்குப் பின்னால் வழிந்த பச்சைப் பெயின்ட் காய்ந்து கிடந்தவை. பதினொன்றாம் அறை விரிசலில் எறும்புகள் வீடு கட்டிப் பேரன் பேத்தி எடுத்திருந்தன. அரை மணி நேரத்தில் அதிகாரி எழுதி முடித்தார். ஐம்பத்தெட்டு பழசு, ஒன்று புதுசு. தம்பிக்கு ஒரு மாதம் தடை, அதற்குப் பிறகு உரிமம் திரும்பும். கம்பெனி, தூண்களை மெதுவாக இறக்கும் மெஷினைத்தான் இனி பயன்படுத்தவேண்டும். ஹோட்டல், மறைத்துவைத்த அத்தனை விரிசலையும் சரிசெய்யவேண்டும், அதுவும் அவற்றை முழுதாக அறிந்தவர் முன்னிலையில்.

அக்காவை வேலையைவிட்டு அனுப்பத்தான் மேலாளர் நினைத்தார். கடைசி வரி அவருடைய கையைக் கட்டிப்போட்டுவிட்டது. முழுதாக அறிந்தவர் வேறு யார்? கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, முப்பத்தொரு வருடமாக வராத கொத்தனாரைக் கூப்பிடச் சொன்னார். அக்கா கொத்தனாருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இது நாலாம் நம்பர் ரூம், குதிரை மாட்டினது, இரண்டு சாண் மூணு விரல் என்று ஒவ்வொன்றையும் அறிமுகம் செய்துவைத்தார்.

ஊரெல்லாம் அக்காவின் நேர்மையைப் பேசியது. தம்பி மட்டும் பேசவில்லை. அந்த ஒரு மாதமும் அவன் ஒரு நண்பன் அறையில் தங்கினான், போன் எடுக்கவில்லை. அக்காவின் ஏப்ரன் பையிலிருந்து ஆணிச் சத்தம் வரவில்லை. கையை உள்ளே விட்டுப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

தடை முடிந்த முதல் நாள், பன்னிரண்டரைக்கு அக்கா டிபன் பாக்ஸோடு மதிலோரம் போனார். தனியாகப் போகத் தைரியமில்லை போல, என்னையும் கூப்பிட்டார். தம்பி வெகுநேரம் கழித்துத்தான் வந்தான். டிபன் பாக்ஸை வாங்கி மதில் மேல் வைத்தான், திறக்கவில்லை.

"அம்பத்தெட்டு விரிசல மறைச்சியே, என்னோட ஒண்ணுக்கு மட்டும் ஒரு படம் கிடைக்கலையாக்கா?"

"மாட்டத்தான்டா போனேன். விசாரணை அன்னிக்குக் காலையிலேயே போனேன், ஆணியக்கூட வச்சுட்டேன். இத மறைச்சா மத்ததெல்லாம் உன் பேர்லதான் நிக்கும்னு தோணுச்சு. இறங்கிட்டேன்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். டிபன் பாக்ஸின் மூடியைத் திறந்து மூடினான், மறுபடி திறந்தான்.

"அன்னிக்கு ஒரு பைல் பாதியில நின்னுது. மணி பன்னிரண்டே கால். நீ வெயில்ல வந்து நிப்பியேன்னு, சுத்தியல இன்னும் கொஞ்சம் மேல தூக்கி வேகமா அடிச்சேன்க்கா. இத எப்படி அந்தம்மாகிட்ட சொல்றது?"

அக்கா கையை மதிலுக்கு மேலே நீட்டி அவனுடைய ஹெல்மெட்டை ஒருமுறை தடவினார். மறுநாளிலிருந்து ஒரு மணிக்குப் பிறகுதான் அக்கா மதிலோரம் போனார், அவன் மெஷினை முழுக்க நிறுத்திவிட்டு இறங்கும் வரைக்கும் ஹோட்டலுக்குள்ளேயே, அவன் கண்ணில் படாத ஒரு ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.